வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி, பன்னிரண்டு அங்குலம்

கூத்தாநல்லூர்
9-12-2024

டீச்சருக்கு,

போன மாதக் கடைசி வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு என் வயலில் டீசல் இன்ஜினை ஓட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நிறுத்தினேன். என் ஆறு மா, ரெண்டு ஏக்கர் சம்பா, பிழைத்துக்கொண்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உங்கள் பன்னிரண்டு மா அழுகிப்போனது. நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் கடைத்தெருவில் பேசிக்கொள்வதெல்லாம் அவரவர் ஒட்டவைத்தது.

என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் வயலைப் பார்த்துக்கொள்ளும் அய்யாவுவிடம் சொல்லி அனுப்பினால், "பேசறதா இருந்தா எழுதி கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லு, அப்பறம் யாரும் மாத்திப் பேச முடியாதுல்ல" என்று சொன்னீர்களாம். சரி. நான் ஒன்பதாவதோடு நின்றவன். சாக்குக் கடைச் சீட்டைத் தவிர நீளமாக எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழித்துக்கொள்ளுங்கள்.

என் பக்கத்தைச் சொல்கிறேன். திங்களும் செவ்வாயும் விடாத மழை. வியாழன் காலை போய்ப் பார்த்தால் என் வயலில் இரண்டடித் தண்ணீர். முப்பது நாள் பயிர், நுனிகூடத் தெரியவில்லை. நாலு நாள் அப்படியே கிடந்தால் குருத்து அழுகிவிடும். இன்ஜினை வைத்தேன். ஹோஸை உங்கள் வயலில் போடவில்லை, நடுவில் ஓடும் வடிகால் வாய்க்காலில்தான் போட்டேன். வாய்க்கால் பொது. அது நிரம்பி உங்கள் வரப்பு ஏறினால் அதற்கு என் இன்ஜின் என்ன செய்யும்? வரப்பை உயர்த்தி வைத்திருக்க வேண்டியது நிலத்துக்காரர் பொறுப்பு. என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பீர்கள்.

ஆனாலும் காலமான உங்கள் வீட்டுக்காரர் வசந்தகுமார் சார் முகத்துக்காக ஐந்து மூட்டை நெல் தருகிறேன். குற்றத்தை ஒப்புக்கொண்டு தருவதல்ல. மனுஷத்தனத்துக்குத் தருவது.

உபைதுல்லா


திருவிடைமருதூர்
13-12-2024

திரு. உபைதுல்லா அவர்களுக்கு,

ஐந்து மூட்டை வேண்டாம். தானம் கேட்டு உங்களை எழுதச் சொல்லவில்லை.

இத்துடன் ஒரு கிராப் தாள் வைத்திருக்கிறேன். கசக்காமல் பிரியுங்கள்.

வியாழன் காலை உங்கள் இன்ஜின் சத்தம் கேட்டதும் அய்யாவு எனக்குப் போன் செய்தார். இரண்டு மூங்கில் குச்சியில் அங்குலக் கோடு போட்டு, ஒன்றை என் வயலிலும் ஒன்றை உங்கள் வயலிலும் நடச் சொன்னேன். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அவர் அளவு பார்த்துக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தார். படுக்கைக் கோட்டில் இருப்பது நேரம். ஒரு கட்டம் பன்னிரண்டு மணி நேரம். நிற்கும் கோட்டில் இருப்பது தண்ணீரின் ஆழம், அங்குலத்தில்.

நீலக் கோடு உங்கள் வயல். இருபத்து நான்கில் தொடங்கி 20, 16, 12, 8, 4 என்று இறங்குகிறது. சிவப்புக் கோடு என் வயல். ஆறில் தொடங்கி 8, 10, 12, 14, 16 என்று ஏறுகிறது. இரண்டும் வளையாத நேர்க்கோடுகள். மழை இப்படிப் பெய்யாது. மழை என்றால் இரண்டு வயலிலும் ஏறியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். உங்கள் ஆறு மாவில் நான்கு அங்குலம் இறங்கும்போதெல்லாம் என் பன்னிரண்டு மாவில் இரண்டு அங்குலம் ஏறியிருக்கிறது. இரட்டிப்பு நிலம், பாதி ஏற்றம். ஆக நீங்கள் இறைத்தது அத்தனையும் என் வயலுக்கு வந்திருக்கிறது. பொது வாய்க்கால் என்கிறீர்களே, அதன் வழியாக ஒரு குடம் தண்ணீர்கூட வெளியே போகவில்லை. கீழே மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. இது உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்ப மாட்டேன்.

இரண்டு கோடும் ஓர் இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. வட்டம் போட்டிருக்கிறேன். வெள்ளி மாலை ஆறு மணி, பன்னிரண்டு அங்குலம். அப்போது உங்கள் பயிரின் நுனி வெளியே வந்துவிட்டது. என் பயிரின் நுனியும் நாலு விரல் வெளியே இருந்தது. அங்கே நிறுத்தியிருந்தால் இருவர் வயலும் பிழைத்திருக்கும். அதன்பின் ஒரு முழு நாள் ஓட்டினீர்கள். பதினாறு அங்குலத்தில் என் பயிர் முழுவதும் உள்ளே போய், தண்ணீர் வடியாமல் அழுகிவிட்டது. அதே வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு உங்களுக்கு மூன்று முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை.

ஐப்பசியில் இரண்டு முறை என் நிலத்துக்கு விலை கேட்டீர்கள். இரண்டு முறையும் மறுத்தேன். இப்போது அழுகிய பயிரோடு, காப்பீட்டுக்குக் கடைசித் தேதியையும் தவறவிட்டுவிட்டு, மகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வூதியம் அபிநயாவின் வீட்டுக் கடனுக்குப் போகிறது. அந்தப் பன்னிரண்டு மா விளைச்சல்தான் என் பெயரில் எனக்கென்று வருவது. விற்றால் வாங்க யார் தயாராக நிற்கிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

உங்கள் ஆறு மாவின் விளைச்சல் முழுவதும் எனக்கு வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தாள் கோர்ட்டுக்குப் போகும்.

ஜெயபாரதி


கூத்தாநல்லூர்
20-12-2024

டீச்சருக்கு,

பதினோரு வருஷமாக "பாய்" என்று கூப்பிட்டவர் "திரு. உபைதுல்லா அவர்களுக்கு" என்று தொடங்கியிருக்கிறீர்கள். கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் என்று நினைத்து என் மனைவி ஜன்னத் பீவி பயந்துவிட்டாள்.

முதலில் ஒரு விஷயம். என்னைக் கேட்காமல் என் வயலில் குச்சி நட்டிருக்கிறீர்கள். இது எந்த ஊர் நியாயம்? என் தொடையில் தெர்மாமீட்டர் வைத்த மாதிரி இருக்கிறது. ஆறு தடவை அளவு எடுத்த அய்யாவு ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து "பாய், அந்தப் பக்கம் ஏறுதுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று உத்தரவா?

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நான் பள்ளிவாசலில் இஷா தொழுகைக்காக இருந்தேன். போன் சைலண்டில் இருந்தது. அதைப் போய்க் குற்றப்பத்திரிகையில் சேர்க்காதீர்கள்.

உங்கள் தாளை மூன்று நாள் கடையில் விரித்து வைத்துப் பார்த்தேன். மூட்டை தூக்கும் அல்லா பிச்சை எட்டிப் பார்த்து, "என்ன பாய், ஷேர் மார்க்கெட்ல எறங்கிட்டீங்களா? நீலம் கீழ போவுது, வித்துடுங்க" என்றான். சிரித்துக்கொண்டே புரட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது நாள் சிக்கியது.

உங்கள் தாளில் இரண்டு கோடும் ஒரே பூஜ்யத்திலிருந்து அளந்ததாகப் போட்டிருக்கிறீர்கள். குச்சிகள் ஒரே இடத்திலா நிற்கின்றன? ஒன்று உங்கள் சேற்றில் நிற்கிறது. இன்னொன்று என் சேற்றில் நிற்கிறது. இந்த ஆறு மாவை வசந்தகுமார் சார் எனக்கு விற்றபோது, கொத்தனாரைக் கூட்டிவந்து டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தவன் நான். என் நிலம் உங்கள் நிலத்தைவிடப் பதினெட்டு அங்குலம் பள்ளம். அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன். "பள்ளத்தைத் தள்ளிவிடப் பாக்கறீங்க சார்" என்றேன். "தண்ணி நிக்கும் பாய், லாபம்தானே" என்றார் அவர். இப்போது நிற்கிறது.

பள்ளத்தில் நட்ட குச்சியையும் மேட்டில் நட்ட குச்சியையும் ஒரே தாளில் போட்டு, இங்கேதான் வெட்டுகிறது என்று வட்டம் போட்டால் அது எப்படிச் செல்லும்? இரண்டு தராசில் வெவ்வேறு படிக்கல்லை வைத்து நிறுத்துவிட்டு எடை சமம் என்று சொல்வது மாதிரி இருக்கிறது. அந்தத் தாள் கோர்ட்டுக்குப் போகட்டும். வக்கீல் முதல் கேள்வியிலேயே கிழித்துவிடுவார்.

ஐந்து மூட்டை என்றது எட்டு மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதோடு முடியட்டும்.

உபைதுல்லா


திருவிடைமருதூர்
26-12-2024

திரு. உபைதுல்லா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னது சரி. முப்பத்தொரு வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் "ரெண்டு கோட்டுக்கும் ஆதிப்புள்ளி ஒண்ணா இருக்கான்னு முதல்ல பாரு" என்று கத்தியிருக்கிறேன். கோபத்தில் நானே அதைப் பார்க்கவில்லை. என் மாணவர் யாராவது இப்படிப் போட்டிருந்தால் ஐந்து மதிப்பெண்ணில் மூன்றைக் குறைத்திருப்பேன்.

எனவே திருத்தி வரைந்திருக்கிறேன். புதிய தாள் உள்ளே இருக்கிறது. உங்கள் சேற்றையே இரண்டுக்கும் பூஜ்யமாக வைத்துக்கொண்டேன். என் நிலம் பதினெட்டு அங்குலம் மேடு என்பதால் சிவப்புக் கோடு முழுவதும் பதினெட்டு அங்குலம் மேலே போகிறது. ஆறில் தொடங்கியது இப்போது இருபத்து நான்கில் தொடங்கும். நீலம் இருந்த இடத்திலேயே இருக்கும். இனி எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். வெள்ளி மாலையில் இல்லை, வியாழன் காலை ஆறு மணியில், நீங்கள் இன்ஜினை முடுக்கிய நிமிஷத்திலேயே வெட்டுகிறது. முப்பத்தாறு மணி நேரம் முன்னால்.

இதன் பொருள் உங்களுக்குப் புரியும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. வரப்பு உடைந்தால்கூட ஒரு சொட்டும் தானாக என் பக்கம் வந்திருக்காது. அதுவரை யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த நேரத்துக்குப் பிறகு என் பக்கம்தான் உயரம். தண்ணீர் தானாக மேடேறாது. ஏறியிருக்கிறது என்றால் ஏற்றியவர் ஒருவர் இருக்கிறார், அவர் டீசல் ஊற்றியிருக்கிறார். முன்பு உங்கள் மேல் இருபத்து நான்கு மணி நேரம்தான் இருந்தது. நீங்கள் கண்டுபிடித்துக் கொடுத்த பதினெட்டு அங்குலத்தால் அது இப்போது அறுபது மணி நேரம்.

நன்றி. மட்டம் பார்த்த கொத்தனாரின் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்புங்கள். சாட்சிக்கு ஆகும்.

எட்டு மூட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயபாரதி


கூத்தாநல்லூர்
4-1-2025

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் கழுத்துக்கு என் கையாலேயே கயிறு திரித்துக் கொடுத்திருக்கிறேன் என்று தெரிந்தது. வியாபாரத்தில் இந்த மாதிரி ஒரு தடவைகூட மாட்டியதில்லை.

அப்புறம் ஒன்று தோன்றியது. பழைய சாக்கு வாங்கும்போது நான் மேலே இருக்கும் சாக்கைப் பார்ப்பதில்லை. கட்டின் அடியில் கிடப்பதை உருவிப் பார்ப்பேன். உங்கள் கோடு எங்கே முடிகிறது, எங்கே வெட்டுகிறது என்றே நாம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஏன் அங்கே தொடங்குகிறது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை. ஏன் வியாழக்கிழமை காலை? மழை செவ்வாய்க்கிழமையே நின்றுவிட்டது. என் வயலும் உங்கள் வயலும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே பட்டா. இரண்டிலும் பெய்தது ஒரே மழை. என் பக்கம் இருபத்து நான்கு அங்குலமும் உங்கள் பக்கம் ஆறு அங்குலமுமாக எப்படி நிற்கும்?

அய்யாவுவைப் பிடித்தேன். முதலில் "எனக்கென்னங்க தெரியும்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"புதன்கெழம விடிகாலையில டீச்சரம்மா போன் பண்ணாங்க. வடிமடையத் தொறந்து வாய்க்கால்ல விடுன்னாங்க. தொறந்தேன். மதகு அடச்சிருந்துச்சு. தண்ணி போவ வழி இல்லாம ஒங்க பக்கம் பள்ளத்துல ஏறிக் குதிச்சிருச்சு."

"அதை ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

"தொறக்கறதுக்கு முன்னாடி தண்ணி எவ்வளவு நின்னுச்சு?"

"மம்புட்டிக் காம்ப விட்டுப் பாத்தேன். ரெண்டு பக்கமும் ஓரடிங்க. நுனி தெரிஞ்சுது."

இரண்டு பக்கமும் ஓரடி. பன்னிரண்டு அங்குலம். நம்ப முடியாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வியாழன் காலை இருந்த தண்ணீரை, என் ஆறு மாவில் இருபத்து நான்கையும் உங்கள் பன்னிரண்டு மாவில் ஆறையும், மொத்தம் பதினெட்டு மாவுக்கும் பரப்பினால் எல்லா இடத்திலும் பன்னிரண்டு அங்குலம்தான் வருகிறது. அய்யாவு பொய் சொல்லவில்லை.

ஆகவே நானும் ஒரு கிராப் தாள் வாங்கினேன். உங்கள் முதல் தாளின் இடது பக்கத்தில் ஒட்டி இத்துடன் அனுப்புகிறேன். புதன் காலை பன்னிரண்டில் இரண்டு கோடும் ஒரே புள்ளியில் இருக்கின்றன. அங்கிருந்து உங்களுடையது ஆறுக்கு இறங்குகிறது, என்னுடையது இருபத்து நான்குக்கு ஏறுகிறது. கோடு கொஞ்சம் கோணல். என் கடையில் ஸ்கேல் இல்லை, சாக்கு தைக்கும் ஊசியை வைத்துப் போட்டேன்.

திருத்திய தாளை நான் ஒதுக்கவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஏறும், எந்தப் பக்கம் இறங்கும் என்று பார்க்க அது சரி. ஆனால் பயிர் மூச்சு விடுவது அதனதன் சேற்றிலிருந்து. அதற்கு உங்கள் முதல் தாள்தான் சரி.

என்னை அறுபது மணி நேரக் குற்றவாளி ஆக்கினீர்கள். புதன்கிழமை உங்கள் தண்ணீரை என் பக்கம் தள்ளி என் பயிரை மூழ்கடித்தது யார்? மேட்டு வயல்காரர் மடை திறந்தால் பள்ளத்து வயல்காரருக்கு ஒரு குரல் கொடுப்பது வழக்கம். வசந்தகுமார் சார் வரப்பில் நின்று "பாய், தண்ணி விடறேன்" என்று கத்துவார். நான் என் மடையைத் திறந்து கீழே விடுவேன். நீங்கள் ஏன் கத்தவில்லை?

எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

உபைதுல்லா


திருவிடைமருதூர்
17-1-2025

பாய்,

பதில் தாமதமாகிவிட்டது. பொங்கலுக்கு இந்த வருஷம் வயலுக்கு வரவில்லை. கரும்பும் அனுப்பவில்லை. அனுப்பத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

மடையைத் திறக்கச் சொன்னது நான்தான். மதகு அடைத்திருப்பது எனக்குத் தெரியாது. நான் ஊரில் இல்லை. அய்யாவுவிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தண்ணீர் வடிந்துவிடும் என்று இங்கே அபிநயாவின் மாடியில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்தேன். வியாழன் காலை என் வயலில் ஆறு அங்குலம்தான் என்று அய்யாவு சொன்னபோது சந்தோஷப்பட்டேன். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று நான் யோசிக்கவே இல்லை. கிராப் வரையும்போதும் யோசிக்கவில்லை. முதல் அளவை எடுத்த இடத்தையே தொடக்கம் என்று வைத்துக்கொண்டேன். அச்சுக்கு இடது பக்கமும் தாள் உண்டு என்று பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டீர்கள். ஐப்பசியில் இரண்டாவது முறை நீங்கள் நிலத்துக்கு விலை கேட்டபோது, "வயசான காலத்துல எதுக்கு டீச்சர் இந்தச் சேத்துத் தொல்லை" என்றீர்கள். அன்றிலிருந்து உங்கள் குரலைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. போன் செய்தால் தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் விலைக்கு வருவீர்கள் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் உங்கள் ஆளை விட்டு மதகிலிருந்த ஆகாயத்தாமரையை வாரச் சொல்லியிருப்பீர்கள். அது அரை மணி நேர வேலை என்று அய்யாவு சொல்கிறார்.

இதைக் கையெழுத்துப் போட்டே அனுப்புகிறேன். உங்கள் வக்கீல் வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் ஒன்று. என் தவறு எனக்குத் தெரியாமல் நடந்தது. உங்கள் இன்ஜின் வரப்பில் நின்றது. அதன் பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நான் அழைத்தபோது நீங்கள் பள்ளிவாசலில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அன்று ஏழே கால் மணிக்கு அய்யாவு டார்ச்சோடு குச்சியைப் பார்க்கப் போனார். அவர் யாரைப் பார்த்தார் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் எழுதப் போவதில்லை. நீங்கள் எழுதுங்கள்.

ஜெயபாரதி


கூத்தாநல்லூர்
24-1-2025

டீச்சருக்கு,

எழுதுகிறேன்.

தொழுகைக்குப் போகவில்லை. இன்ஜின் பக்கத்தில் டீசல் கேன் மேல் உட்கார்ந்திருந்தேன். போன் மடியில்தான் இருந்தது. உங்கள் பெயர் மூன்று தடவை வெளிச்சமாக வந்தது, மூன்று தடவையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுத்தால் நிறுத்தச் சொல்வீர்கள் என்று தெரியும். நிறுத்த மனசில்லை. உங்களிடம் சொன்ன பொய்க்குத் தொழுகையைச் சாக்காக வைத்தேனே, அதை ஜன்னத் பீவியிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் ஏற்கெனவே, "டீச்சரம்மா பயிர மூழ்கடிச்சுட்டு நம்ம வீட்ல நெல்லக் கொட்டினா சோறு எறங்குமா?" என்று கேட்டு ஒரு மாதம் ஆகிறது.

மதகு அடைத்திருப்பது எனக்கு முதல் நாளே தெரியும். வாரச் சொன்னால் என் கூலி, பலன் இரண்டு பேருக்கும். அதனால் சொல்லவில்லை.

ஏன் நிறுத்தவில்லை என்று இத்தனை நாளாக எனக்கே ஒரு பதில் சொல்லி வைத்திருந்தேன், மறுபடி மழை வரும் என்ற பயம் என்று. பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பன்னிரண்டில் நுனி தெரிந்துவிட்டது. பிழைத்துவிடும் என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஓட்டியது ஆசைக்கு. நாலு அங்குலத்துக்கு இறக்கிவிட்டால் தூர் நன்றாக வெடித்துப் பக்கக் குருத்து விடும், உரம் போடலாம், எல்லாருக்கும் முந்தித் தேறிவிடலாம் என்ற ஆசை. உங்கள் நிலத்தை மலிவாகத் தட்டலாம் என்று நினைத்தேனா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் உங்கள் பக்கம் வெறும் தண்ணீராகத் தெரிந்தபோது நினைத்தேன். ஒரு தடவைதான். நினைத்தேன்.

இப்போது வியாபாரம். ஒட்டிய தாளை முழுசாகப் பாருங்கள். புதன் காலை ஆறு மணி, பன்னிரண்டு. வெள்ளி மாலை ஆறு மணி, பன்னிரண்டு. நடுவில் இருப்பது உங்கள் தண்ணீர் என் வயலுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனது. அந்தக் கணக்கில் உங்களுக்கும் எனக்கும் பாக்கி இல்லை. வெள்ளி மாலை ஆறிலிருந்து சனி மாலை ஆறு வரை என்னுடையது. அந்த ஒரு நாளை நான் மறுக்கவில்லை.

நாலு நாளில் ஒரு நாள் என் தப்பு. நாலில் ஒன்று தந்தால் போதும் என்று கணக்குச் சொல்கிறது. நான் மூன்றில் ஒரு பங்கு விளைச்சல் தருகிறேன். என்னை மன்னித்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

உபைதுல்லா


திருவிடைமருதூர்
31-1-2025

திரு. உபைதுல்லா அவர்களுக்கு,

நாலு நாளில் ஒரு நாள் என்று பங்கு போடுகிறீர்கள். அந்த ஒரு நாளில் என் பயிரில் நாலில் ஒன்று சாகவில்லை. முழுவதும் செத்தது. ஒரு மாவில்கூட ஒரு கதிர் இல்லை.

முழு விளைச்சல் கேட்டேன். புதன்கிழமைக்காகப் பாதியை விடுகிறேன். மீதிப் பாதியில் ஒரு படிகூடக் குறைக்க மாட்டேன். அறுவடை அன்று அய்யாவு பக்கத்தில் நிற்பார்.

மதகுக் கல்லில் பெயிண்ட் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு வயலுக்கும் ஒரே பூஜ்யம்.

நிலத்தைப் பற்றி இனி என்னிடம் பேசக் கூடாது. பெருநாளைக்கு வட்டலப்பம் அனுப்ப வேண்டாம். அவர் இருந்தவரை ஆசையாகச் சாப்பிட்டார். அவருக்குப் பின்னும் நீங்கள் அனுப்பினீர்கள், வாங்கிக்கொண்டேன். இனி என்னால் வாங்க முடியாது. கரும்பும் வராது.

மன்னிக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். நெல்லைப் பற்றி மட்டும் பேசுவோம். தொழுகையைப் பற்றி எழுதியதை நான் கிழித்துவிட்டேன். அது என் கையில் இருக்க வேண்டியதில்லை.

ஜெயபாரதி


கூத்தாநல்லூர்
16-2-2025

டீச்சருக்கு,

புதன்கிழமை அறுவடை முடிந்தது. அய்யாவு காலை முதல் மெஷின் பக்கத்திலேயே நின்றார். டீகூட என் கையால் வாங்கிக் குடிக்கவில்லை. ஆறு மாவில் வழக்கமாக ஐம்பத்தைந்து மூட்டை காணும். இந்தத் தடவை நாற்பத்தாறுதான். தண்ணீர் குடித்த பயிர். அவ்வளவு ஆசைப்பட்டு இறக்கியும் தூர் ஒன்றும் பெரிதாக வெடிக்கவில்லை.

உங்கள் பன்னிரண்டு மாவை வரப்பில் நின்று பார்த்தேன். வைக்கோல்கூட இல்லை. கொக்கு மேய்கிறது.

நாம் பேசி முடித்ததை எழுதிவிடுகிறேன். நகல் எடுத்துக்கொண்டு ஒன்றில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இது கோர்ட்டுக்குப் போகாது என்று அதில் ஒரு வரி நீங்கள் எழுத வேண்டும்.

மதகுக் கல்லில் கொத்தனாரை வைத்து அளவுக் கோடு போட்டாயிற்று. என் சேறு பூஜ்யம், உங்கள் சேறு பதினெட்டு. ஐப்பசி பிறந்ததும் மதகில் ஆகாயத்தாமரை வாருவது இருவர் பொறுப்பு. கூலி மாக் கணக்கில், உங்களுக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு.

மடை திறப்பவர், இன்ஜின் வைப்பவர், யாராக இருந்தாலும் முன்னால் போன் செய்ய வேண்டும். எதிராளி எடுத்துப் பேசிய பிறகுதான் திறக்கலாம், ஓட்டலாம். இதற்காக என் நம்பரைத் திறந்துவிட வேண்டும். தண்ணீரைத் தவிர வேறு பேச்சு இருக்காது. இரண்டு வயலிலும் பயிரின் காலடியில் ஒரே ஆழம் வந்ததும் இன்ஜின் நிற்க வேண்டும். ஒரு கேன் டீசல் மீதம் இருந்தாலும் நிற்க வேண்டும்.

உங்கள் நிலத்துக்கு நானோ என் ஆட்களோ விலை கேட்க மாட்டோம்.

வட்டலப்பம் வராது. கரும்பு வராது.

நாற்பத்தாறில் பாதி இருபத்து மூன்று மூட்டை, மூட்டைக்கு அறுபது கிலோ, அய்யாவு எடை பார்த்து வண்டியில் ஏற்றிவிட்டார். வண்டி வாடகை என்னுடையது. மெஷின் கூலி என்னுடையது. வைக்கோல் எனக்கு. காலிச் சாக்கு இருபத்து மூன்றும் திரும்பி வர வேண்டும்.

உபைதுல்லா